அழிக்காமல் மாற்றுவது

"உள்ள இருக்கிறது எதுவும் போயிரக் கூடாதுண்ணே. டிரைவை மட்டும் என்.டி.எஃப்.எஸ். ஆக்கிக் குடுத்துருங்க."

2000-களின் நடுவில் கான்சாபுரம், கூமாபட்டி, வத்திராயிருப்பு வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்த எவருக்கும் இந்தப் பேச்சு பழக்கமாகியிருக்கும். கேட்பவர் உரக்கடைக்காரராக இருப்பார், நெல் வியாபாரியாக இருப்பார், கல்யாண வீடியோ எடுப்பவராக இருப்பார். யார் கேட்டாலும் நிலைமை ஒன்றுதான். இருக்கிற ஒரே ஹார்டு டிஸ்க்கில் அவருடைய தொழில் முழுவதும் கிடக்கும். அதற்கு நகல் கிடையாது. 40 ஜி.பி. டிஸ்க்கைப் பத்திரப்படுத்த இன்னொரு 40 ஜி.பி. டிஸ்க் வாங்க வேண்டும். சி.டி.யில் எழுதலாமென்றால் ஒரு சி.டி.யில் 700 எம்.பி.தான் கொள்ளும், முழு டிஸ்க்கையும் எடுக்க ஏறக்குறைய 60 சி.டி. வேண்டும். அதனால்தான் "ஃபார்மட் அடிக்காம" என்று அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அந்தப் பயம் முழுக்க நியாயமானது. டிஸ்க்கைத் தொடும் எவரும் முதலில் மதிக்க வேண்டியது அதைத்தான்.

என்.டி.எஃப்.எஸ். என்பது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் ஒரு முறை, அதாவது ஒரு ஃபைல் சிஸ்டம். பழைய ஃபேட்32-ஐ அழிக்காமல் அதற்கு மாற்ற வழி இருக்கிறது. விண்டோஸிலேயே கன்வர்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அழிக்காமல் மாற்றிய டிஸ்க்கும் புதிதாக ஃபார்மட் செய்த டிஸ்க்கும் ஒன்றல்ல. ப்ராப்பர்ட்டீஸ் திறந்து பார்த்தால் இரண்டிலும் என்.டி.எஃப்.எஸ். என்றே போட்டிருக்கும். வேகத்தில்தான் வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று விளங்காமல் ராமை ஏற்றியவர்கள், வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடி மறுபடி போட்டவர்கள், நல்ல டிஸ்க்கைத் தூக்கிப் போட்டவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் உண்டு.

முதலில், எங்கள் ஊர்ப்பக்கத்து டிஸ்க்குகளெல்லாம் ஏன் ஃபேட்32 ஆக இருந்தன என்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவை மதுரையில் அசெம்பிள் செய்து வந்தவை, அல்லது சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து உதிரியாக வாங்கி ராஜபாளையத்தில் பூட்டியவை. முதலில் விண்டோஸ் 98 போட்டிருப்பார்கள்; பிறகு அதே டிஸ்க்கின் மேலேயே எக்ஸ்.பி. ஏறியிருக்கும். ஃபேட்32 வந்தது 1996-இல், விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு. என்.டி.எஃப்.எஸ். அதற்கும் முன்னால் 1993-லேயே விண்டோஸ் என்.டி.யோடு வந்துவிட்டது என்றாலும், வீட்டுக்கும் கடைக்கும் அது வந்து சேர்ந்தது 2001-இல் எக்ஸ்.பி. வந்த பிறகுதான்.

மெக்கானிக்குகளும் ஃபேட்32-ஐ விடவில்லை. அதற்கு நல்ல காரணம் இருந்தது. விண்டோஸ் எழும்பாமல் படுத்துவிட்டால், 98-இன் பூட் ஃப்ளாப்பியைச் செருகி டாஸ் திரையில் நின்றபடி ஃபைல்களை அடுத்த டிரைவுக்கு நகலெடுத்துவிடலாம். என்.டி.எஃப்.எஸ். டிரைவ் அந்த ஃப்ளாப்பியின் கண்ணுக்கே தெரியாது. நாப்பிக்ஸ் போன்ற லினக்ஸ் சி.டி.கள் பரவலாகக் கைக்கு வந்த பிறகுதான் அந்தத் தயக்கம் போனது.

பிறகு ஏன் மாற்றச் சொன்னார்கள்? இரண்டு காரணங்கள். ஒன்று கல்யாணம், இன்னொன்று கரண்ட்.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஸ்டுடியோக்களில் அப்போது மினி டி.வி. கேசட் காலம். கேசட்டிலிருந்து ஃபயர்வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் படத்தை இறக்குவதை 'கேப்சர்' என்பார்கள். அந்த டி.வி. வடிவம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. தின்னும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. கணக்குப் போட்டால் 19 நிமிடம். "முகூர்த்த கேசட் ஓடிக்கிட்டே இருக்குண்ணே, திடீர்னு கேப்சர் நின்னுருது. ஏன்னே தெரியல" என்று ஒரு ஸ்டுடியோ தம்பி கேட்டபோது, ஒரே ஓட்டத்தில் எவ்வளவு நேரம் ஓடியது என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். கேமராவையும் குறை சொல்ல வேண்டாம், கார்டையும் மாற்ற வேண்டாம் என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. டிரைவ் என்.டி.எஃப்.எஸ். ஆனால் அந்த 4 ஜி.பி. சுவரே கிடையாது.

கரண்ட் கதை எல்லாருக்கும் தெரிந்தது. 2008 வாக்கில் தொடங்கி 2012-இல் உச்சத்துக்குப் போன மின்வெட்டில் சென்னைக்காரர்கள் பட்டது குறைவு. கிராமங்கள் பட்டது அதிகம். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போன கடைகளில் கம்ப்யூட்டர் எத்தனை முறை பாதியில் அணைந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியாது. ஃபேட்32-இல் ஒரு ஃபைலை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எந்தத் துண்டு எந்த ஃபைலைச் சேர்ந்தது என்ற அட்டவணையே பாதியில் நின்றுவிடும். அடுத்த முறை ஆன் செய்ததும் நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடி, யாருக்கும் சொந்தமில்லாத துண்டுகளை ஃபைல்0000.சி.எச்.கே. என்று வரிசையாகப் பெயர் போட்டு மூலையில் குவித்து வைக்கும். என்.டி.எஃப்.எஸ். எதையும் மாற்றுவதற்கு முன்னால் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டே செய்யும். பாதியில் அணைந்தாலும், திரும்பி எழுந்ததும் அந்தப் பதிவேட்டைப் பார்த்து ஒன்று முடித்து வைக்கும், இல்லையென்றால் இருந்த நிலைக்குத் திருப்பிவிடும். இது காப்பாற்றுவது டிஸ்க்கின் கட்டமைப்பைத்தான். அந்த நிமிடம் டேலி என்ற கணக்கு மென்பொருளில் அடித்துக்கொண்டிருந்த வவுச்சரை அல்ல. இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். என்.டி.எஃப்.எஸ். ஆக்கிவிட்டால் யு.பி.எஸ். வேண்டியதில்லை என்று ஒருத்தர் நினைத்துவிட்டால், அது அவருக்கு நான் செய்த கெடுதல் ஆகிவிடும்.

இனி கிளஸ்டர் பற்றி. ஹார்டு டிஸ்க்கில் மிகச் சின்ன அளவு ஒரு செக்டர், 512 பைட். ஒவ்வொரு செக்டருக்கும் தனித்தனியாகக் கணக்கு வைத்தால் கணக்கே மலையாகிவிடும் என்பதால், பல செக்டர்களைச் சேர்த்து ஒரு கிளஸ்டர் என்று வைத்து, கிளஸ்டர் கணக்கில்தான் இடம் ஒதுக்குகிறது ஃபைல் சிஸ்டம். எங்கள் ஊர் நெல் களத்தில் ஒருவர் நெல்லோடு இன்னொருவர் நெல்லைக் கலக்க மாட்டார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒரு மரக்கால்தான் என்றாலும் அதற்கும் ஒரு தனிச் சாக்குப் பிடிக்க வேண்டும். ஃபைல் கடைசியில் மிச்சம் விழும் கிளஸ்டரும் அப்படித்தான். ஒரு கே.பி. கடிதம் 32 கே.பி. கிளஸ்டரில் உட்கார்ந்தால் மீதி 31 கே.பி. யாருக்கும் உதவாது.

ஃபேட்32-இல் டிரைவ் பெரிதாகப் பெரிதாக இந்தச் சாக்கும் பெரிதாகிக்கொண்டே போகும். 8 ஜி.பி. வரை 4 கே.பி., 16 வரை 8, 32 வரை 16, அதற்கு மேல் 32 கே.பி. என்பது விண்டோஸ் தானாக எடுத்துக்கொள்ளும் அளவு. காரணம் ஃபேட் என்கிற அந்த அட்டவணை. ஒவ்வொரு கிளஸ்டருக்கும் அதில் 4 பைட் இடம் வேண்டும். 40 ஜி.பி. டிரைவை 4 கே.பி. கிளஸ்டராக வெட்டினால் அட்டவணை மட்டுமே 39 எம்.பி. ஆகும். 64 எம்.பி. ராம் வைத்திருந்த விண்டோஸ் 98 கம்ப்யூட்டர் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? 32 கே.பி. ஆக வெட்டினால் 5 எம்.பி.யோடு முடிந்துவிடும். அதற்கு விலை, வீணாகும் இடம். ஒரு ஃபைலுக்குச் சராசரியாக அரைக் கிளஸ்டர் வீண் என்று வைத்தால், 50,000 ஃபைல் உள்ள டிரைவில் 32 கே.பி. கிளஸ்டர் 800 எம்.பி.க்கு மேல் தின்றுவிடும், 4 கே.பி. என்றால் சுமார் 100 எம்.பி.யோடு நிற்கும். 2005-இல் 700 எம்.பி. மிச்சம் என்பது பெரிய விஷயம்.

வேகக் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லி செகண்ட் ஆகிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் தலை சரியான வளையத்துக்கு நகர வேண்டும், அது ஒரு 9 மில்லி செகண்ட். ஆக, ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவ சுமார் 13 மில்லி செகண்ட். ஒரு ஃபைல் ஒரே கோடாகக் கிடந்தால் ஒரு தாவல்தான். நூறு துண்டாகச் சிதறிக் கிடந்தால் தாவலுக்கே ஒரு செகண்டுக்கு மேல் போய்விடும். ஒரு எம்.பி. ஃபைல் 4 கே.பி. கிளஸ்டரில் எவ்வளவு மோசமாகச் சிதறினாலும் 256 துண்டுக்கு மேல் போகாது. 512 பைட் கிளஸ்டர் என்றால் 2,048 துண்டு வரை போகலாம்.

512 பைட் கிளஸ்டரை யார் வைப்பார்கள் என்று கேட்கலாம். வேண்டுமென்று யாரும் வைப்பதில்லை. கன்வர்ட் கட்டளைதான் வைத்துவிடும்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு உரக்கடைக் கம்ப்யூட்டரைப் பார்க்கப் போயிருந்தேன். வேறொருவர் சில மாதங்களுக்கு முன்னால் டிரைவை மாற்றிக் கொடுத்திருந்தார். ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடியிருக்கிறது. வர வர டேலி திறக்கவே தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை. டிஸ்க் விளக்கு அணையவே இல்லை. கறகறவென்று தலை தாவும் சத்தம் வாசல் வரை கேட்கிறது. வைரஸ் பார்த்தாகிவிட்டது, ராம் கூட்டியாகிவிட்டது என்றார் கடைக்காரர். கருப்புத் திரையைத் திறந்து செக்டிஸ்க் ஓடவிட்டேன். அது முடிந்ததும் கடைசியில் நாலைந்து வரி எண்களாக வரும், யாரும் படிப்பதில்லை. அதில் ஒரு வரி, ஒரு ஒதுக்கீட்டு அலகில் எத்தனை பைட் என்று சொல்லும். 4096 என்று இருக்க வேண்டிய இடத்தில் 512 என்று நின்றது. அதற்கு அடுத்த வரியில் மொத்த அலகுகள்: ஏழரைக் கோடிக்கும் மேலே. 4 கே.பி. ஆக இருந்திருந்தால் ஒரு கோடிக்குள் முடிந்திருக்கும். "அண்ணாச்சி, டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. பொடிப்பொடியா வெட்டி வச்சிருக்காக" என்றேன்.

இது ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில் மேலோட்டமாகப் போய்விடுவார்கள். ஃபேட்32 டிரைவின் தொடக்கத்தில் கொஞ்சம் ஒதுக்கிய செக்டர்கள், அதற்குப் பிறகு அட்டவணை இரண்டு பிரதி, அதற்கும் பிறகுதான் ஃபைல்கள் இருக்கும் பகுதி. கிளஸ்டர்களை எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். என்.டி.எஃப்.எஸ். அப்படி இல்லை; டிரைவின் முதல் செக்டரிலிருந்தே எண்ணத் தொடங்கிவிடும். இப்போது, பழைய ஃபைல் பகுதி முதல் செக்டரிலிருந்து சரியாக 8-இன் மடங்கில் தொடங்கியிருந்தால், பழைய கிளஸ்டர் எல்லையும் புதிய 4 கே.பி. எல்லையும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். ஒரு செக்டர் தள்ளியிருந்தால்கூட எந்த ஃபைலும் எல்லையில் தொடங்காது. அழிக்கக் கூடாது, ஃபைல்களை நகர்த்தவும் கூடாது என்றால், கன்வர்ட்டுக்கு ஒரே வழி கிளஸ்டரை 512 பைட் வரை இறக்குவது. அந்த அளவில் எல்லா எல்லையும் பொருந்தும்.

அட்டவணையின் நீளம் டிரைவின் அளவைப் பொறுத்து மாறும் என்பதால், விண்டோஸ் 98-இல் ஃபார்மட் செய்த டிரைவுகள் 8-இன் மடங்கில் அமைவது வெறும் அதிர்ஷ்டம். எக்ஸ்.பி.யின் ஃபார்மட், ஒதுக்கிய செக்டர்களைக் கூட்டிக் குறைத்துத் தானே அந்த எல்லையைச் சரிசெய்து வைத்துவிடும். பின்னாளில் மாற்றினால் 4 கே.பி. கிடைக்கட்டும் என்ற முன்யோசனை. விண்டோஸ் 2000-இன் கன்வர்ட்டோ எது எப்படி இருந்தாலும் 512-தான் கொடுத்தது. எங்கள் பக்கத்து டிஸ்க்குகள் 98-இல் பிறந்தவை என்று முன்னமே சொன்னேன். ஆக, மாற்றிய டிரைவுகளில் பெரும்பாலானவை மந்தமானதில் வியப்பு இல்லை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது. என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கே.பி. அளவில் ஒரு பதிவு உண்டு. எல்லாப் பதிவும் எம்.எஃப்.டி. என்ற ஒரே பெரிய பட்டியலில் இருக்கும். சின்னஞ்சிறு ஃபைல் என்றால், ஏறக்குறைய 700 பைட்டுக்குள் இருந்தால், அந்தப் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும். தனிக் கிளஸ்டரே தேவையில்லை. புதிதாக ஃபார்மட் செய்த டிரைவில் இந்தப் பட்டியலுக்கென்று அகலமாக இடம் விட்டுவைக்கப்படும். நிறைந்த டிரைவை மாற்றும்போது எங்கே காலி இடம் கிடைக்கிறதோ அங்கங்கே அதைத் திணிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய பட்டியலே துண்டு துண்டாகக் கிடந்தால் மற்றது எப்படி ஓடும்?

எக்ஸ்.பி.யில் இதற்கு ஒரு மருந்து வைத்திருந்தார்கள். முதலில் டீஃப்ராக் ஓட்டி ஃபைல்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, எஃப்.எஸ்.யுட்டில் கொண்டு டிரைவின் மேல்மட்டத்தில் ஒரு வெற்று ஃபைலை ஒரே துண்டாக உருவாக்கிவிட வேண்டும். ஃபைல் ஒன்றுக்கு ஒரு கே.பி. என்று அளவு வைத்தால் போதும். 50,000 ஃபைலுக்கு 50 எம்.பி. பிறகு கன்வர்ட் கட்டளையோடு சி.வி.டி.ஏரியா என்ற சொல்லைச் சேர்த்து அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தால், பட்டியலை அந்த இடத்தில் சேர்த்து வைக்கும். இரண்டு வரி கூடுதல் வேலைதான். ஆனால் இதைச் செய்த டிரைவும் செய்யாத டிரைவும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேறு வேறு கம்ப்யூட்டர் போல இருக்கும்.

உரக்கடைக்கு என்ன செய்தேன் என்றால், இரவல் டிஸ்க் ஒன்றைப் பூட்டி, எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்து, நகலை அங்கேயே ஒவ்வொன்றாகத் திறந்து கடைக்காரரிடமே காட்டி, பழைய டிரைவை 4 கே.பி.யில் புதிதாக ஃபார்மட் செய்து, திருப்பி ஏற்றினேன். டேலி அதற்குப் பிறகு சொடுக்கியதும் திறந்தது. நகலெடுக்க ஒரு டிஸ்க் கிடைக்கும்வரை ஃபார்மட் பேச்சே எடுப்பதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட ஒழுங்கு. அந்த டிஸ்க் கிடைத்துவிட்டால் கன்வர்ட்டுக்கு அவசியமே இல்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. அழிக்காமல் மாற்றச் சொல்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது ஒரு நகல்.

கட்டளையின் மேலேயே எனக்குக் கோபம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் வேலைத்திறனில் எனக்கு மரியாதை உண்டு. டிரைவின் பெயரைச் சரியாக அடித்துக் காட்டினால்தான் தொடங்கும். தவறான டிரைவில் கை வைத்துவிடக் கூடாதே என்பதற்காக. முதலில் தானே ஒரு சோதனை ஓட்டும். எவ்வளவு காலி இடம் தேவை என்று கணக்குப் போட்டு, போதாவிட்டால் தொடாமல் விலகிவிடும். போதுமென்றால், காலி இடத்தில் புதிய கட்டமைப்பைக் கட்டி எழுப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தில்தான் டிரைவின் முதல் செக்டரை மாற்றி எழுதும். அதுவரை பழைய ஃபேட் அப்படியே உயிரோடு இருக்கும். விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் என்றால், ஓடிக்கொண்டிருக்கும்போது பூட்ட முடியாது என்பதால், அடுத்த முறை ஆன் ஆகும்போது செய்யட்டுமா என்று கேட்கும். இத்தனை காவல் இருந்தாலும், யு.பி.எஸ். பேட்டரி நிற்கிறதா என்று பார்க்காமல் நான் தொடங்கியதில்லை. பார்ட்டிஷன் மேஜிக் என்ற மென்பொருள் கொண்டு கிளஸ்டர் அளவை 512-இலிருந்து 4096-க்கு நேரடியாக உயர்த்தவும் முடிந்தது. ஆனால் அது ஃபைல்களையே இடம் பெயர்த்து அடுக்கும் வேலை, பல மணி நேரம் ஓடும். மின்வெட்டு காலத்து வத்திராயிருப்பில் அதைச் செய்யத் துணிவது சரியல்ல என்பது என் கருத்து. நகல் கையில் இருந்தாலொழிய.

4 கே.பி. நல்லது என்றதும் 64 கே.பி. இன்னும் நல்லது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வீடியோ எடிட்டிங் செய்பவர்களிடம் அந்த ஆசை அதிகம். இங்கே ஃபேட்டுக்கும் என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். ஃபேட்டில் ஒவ்வொரு கிளஸ்டரும் அடுத்தது எது என்று கை காட்டும் சங்கிலி. பெரிய ஃபைலின் கடைசிக்குப் போக வேண்டுமென்றால் அந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணி குறைந்தால் லாபம்தான். என்.டி.எஃப்.எஸ்., 'இங்கே தொடங்கி இத்தனை கிளஸ்டர்' என்று ஒரே வரியில் குறித்துக்கொள்ளும். 13 ஜி.பி. ஃபைல் ஒரே கோடாகக் கிடந்தால், கிளஸ்டர் 4 ஆனாலும் 64 ஆனாலும் அதற்கு வரி ஒன்றுதான், படிக்கிற வேகமும் ஒன்றுதான். நாள்பட்ட டிரைவில் சிதறல் குறையும் என்பதுதான் பெரிய கிளஸ்டரின் ஆதாயம். ஆகவே, கேப்சர் மட்டுமே செய்யும் தனி டிரைவுக்கு 64 கே.பி. வைத்துக் கொடுப்பேன், எஸ்.கியூ.எல். சர்வர் டேட்டாபேஸுக்கும் 64 கே.பி.தான் பரிந்துரை. விண்டோஸும் கடைக் கணக்கும் புகைப்படமும் கலந்து கிடக்கும் டிரைவுக்கு 4 கே.பி.யைத் தாண்டுவதில்லை. 4 கே.பி.க்கு மேல் போனால் என்.டி.எஃப்.எஸ்.ஸின் ஃபைல் சுருக்கும் வசதியும் வேலை செய்யாது. இடத்துக்குத் தவித்த காலத்தில் அதுவும் ஒரு கணக்கு.

மாற்றவே கூடாத இடங்களும் உண்டு. கன்வர்ட் ஒருவழிப் பாதை. திரும்பி ஃபேட்32 ஆக்க அதில் வழி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு ஒலிபெருக்கி கட்டும் ஒருவர், பாட்டு ஏற்றிய பென் டிரைவை என்.டி.எஃப்.எஸ். ஆக்கினால் வேகமாக ஓடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றித் தரச் சொன்னார். அவருடைய ஆம்ப்ளிஃபயர் ஃபேட்32 தவிர எதையும் படிக்காது. 5 எம்.பி. பாட்டைப் படிக்க 32 கே.பி. கிளஸ்டர் தாராளம். திருவிழா அன்று மேடையில் நின்று அது தெரியவந்தால் என்ன ஆகும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

மிகப் பெரிய அளவில் அழிக்காமல் மாற்றும் வேலை ஒன்று தொடங்கியது 2017 மார்ச் 27 அன்று. ஐஓஎஸ் 10.3 அப்டேட்டில் ஆப்பிள், கோடிக்கணக்கான போன்களின் ஃபைல் சிஸ்டத்தை எச்.எஃப்.எஸ். பிளஸ்ஸிலிருந்து ஏ.பி.எஃப்.எஸ்.ஸுக்கு மாற்றியது. போனை வைத்திருந்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதற்கு முந்தைய அப்டேட்களிலேயே சத்தமில்லாமல் ஒத்திகை பார்த்து, மாற்றிச் சோதித்து, பழையபடி விட்டிருந்தார்கள். லினக்ஸில் ஈ.எக்ஸ்.டி.4-ஐ பி.டி.ஆர்.எஃப்.எஸ். ஆக்கும் கருவி இன்னும் ஒரு படி மேலே போய், பழைய கட்டமைப்பின் பிம்பத்தை உள்ளேயே வைத்திருக்கும். பிடிக்கவில்லையென்றால் திரும்பிப் போகலாம். எங்கள் உரக்கடைக்காரர் கேட்டதும் இந்த உத்தரவாதத்தைத்தான். அதைத் தர ஒரு பெரிய நிறுவனத்துக்கும் ஒத்திகை தேவைப்பட்டது என்பதை எங்கள் பையன்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

இப்போது எல்லாம் எஸ்.எஸ்.டி. தலையும் இல்லை, தாவலும் இல்லை. சிதறல் பழைய அளவுக்கு வலிப்பதில்லை. ஆனாலும் பழைய வினை கூடவே வருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதை ஒட்டிப் பழைய கம்ப்யூட்டர்களுக்கு எஸ்.எஸ்.டி. மாற்றும் வேலை பெருகியிருக்கிறது. பெரும்பாலோர் க்ளோன் எடுக்கிறார்கள். செக்டருக்குச் செக்டர் அப்படியே எடுக்கும் க்ளோன் எதையும் திருத்தாது. எக்ஸ்.பி. காலத்துப் பார்ட்டிஷன் 63-வது செக்டரில் தொடங்கும். விஸ்டாவிலிருந்துதான் 1 எம்.பி. எல்லையில் தொடங்குகிறது. 63-இல் தொடங்கும் பார்ட்டிஷனை அப்படியே எஸ்.எஸ்.டி.யில் இறக்கினால் ஒவ்வொரு 4 கே.பி. கிளஸ்டரும் எஸ்.எஸ்.டி.யின் இரண்டு 'பேஜ்'களின் எல்லையில் கால் பரப்பி உட்காரும். ஒரு முறை எழுத இரண்டு வேலை. 512 பைட் கிளஸ்டர் வைத்திருந்த டிரைவ் எஸ்.எஸ்.டி.யிலும் 512 பைட்டாகவே தொடரும். க்ளோன் எடுக்கும் முன் எஃப்.எஸ்.யுட்டில் கொண்டு என்.டி.எஃப்.எஸ். விவரத்தைக் கேட்டு, கிளஸ்டர் பைட் என்ற வரியைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

ஸ்டுடியோக்காரர்கள் இப்போது எக்ஸ்ஃபேட்டுக்கு வந்துவிட்டார்கள். விண்டோஸிலும் ஆப்பிளிலும் ஒரே டிரைவ் ஓட வேண்டும், 4 ஜி.பி. சுவரும் இருக்கக் கூடாது என்றால் அதுதான் வசதி. ஆனால் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் தானாக எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் 128 கே.பி. கல்யாண ஆல்பம் வேலையில் பெரிய வீடியோக்களோடு ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ப்ரிவியூ ஃபைல்களும் சேர்ந்துகொள்ளும். "கம்ப்யூட்டர்ல இருந்தப்ப கொண்டுச்சு, எக்ஸ்டெர்னல்ல போட்டா டிரைவ் நிறைஞ்சிருதுண்ணே" என்று ராஜபாளையத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டார். ஃபைல் அளவையும் டிஸ்க்கில் பிடித்த அளவையும் ப்ராப்பர்ட்டீஸில் பக்கத்தில் பக்கத்தில் படித்துச் சொல்லச் சொன்னேன். படிக்கும்போதே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. வீடியோவுக்கென்று தனியாக ஒன்று 128-இலேயே இருக்கட்டும், ப்ராஜெக்ட் ஃபோல்டர் போகும் டிரைவை ஃபார்மட் செய்யும்போது அலகு அளவில் 32 கே.பி. தேர்ந்தெடுங்கள், அதற்கு முன்னால் உள்ளே இருப்பதை வேறொன்றில் எடுத்துத் திறந்து பார்த்துவிடுங்கள் என்றேன். எக்ஸ்ஃபேட்டை அழிக்காமல் மாற்ற விண்டோஸில் கட்டளை கிடையாது.